காகம் தொடாத தட்டு

1

என் கணவர் செத்துப்போனார் என்று அந்தியேட்டி செய்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. இன்று காலையும் அவர் பாண் வாட்டித் தின்று, மாஜரின் கூடிப்போச்சு என்று என்னோடு சண்டை பிடித்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார்.

இதை வாசிக்கும் ஊர்ச்சனத்தில் சிலருக்காவது எங்கள் கதை தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒருவருடைய பிள்ளையைப் பற்றி. போன வெள்ளிக்கிழமை ரொறன்ரோவில் ஒரு பல்கனியில் நடந்த சிறு காரியம் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. இங்கே யாரிடமும் சொல்ல முடியவில்லை. வாயைத் திறந்ததும் "நீங்கள் எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்கிறார்கள். பக்கம் கேட்காமல் கதை கேட்க ஆளில்லாதபடியால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது டோர்செட் பார்க்கில், உயர்ந்த மாடிக் கட்டடம் ஒன்றில். இரண்டு லிஃப்டில் ஒன்று எப்போதும் பழுது. மற்றது வேலை செய்தாலும் இவர் படியால்தான் ஏறுவார். தானாக மூடிக்கொள்ளும் கதவுக்குள் அவர் நிற்கமாட்டார். எங்கள் கதவுக்கு நேரெதிர்க் கதவு சமீராவுடையது. அவள் காசாவில் பிறந்தவள், இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தையல் வேலை பழக்குகிறாள். அவளுடைய தம்பி நாதிர் அங்கே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவன். ஒரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்து இஸ்ரேல் இராணுவம் பிடித்துக்கொண்டு போனது. வழக்கில்லை, விசாரணையில்லை. எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதும் தெரியாது. சமீரா என்னை ஆரணியின் தாய் என்று பொருள்படும்படி "உம்மு ஆரணி" என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் மகள் ஆரணி பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள்.

நான் செய்வது முதியவர்களை அவர்களின் வீட்டுக்குப் போய்ப் பராமரிக்கும் வேலை. அப்படித்தான் மிரியம் அம்மா என் கைக்கு வந்தார். எண்பதைத் தாண்டியவர், கண்பார்வை மங்கல், நான்கு கால் வண்டியைப் பிடித்துக்கொண்டு நடப்பவர். இஸ்ரேலில் பிறந்து வளர்ந்து, வயதான பிறகு மகளோடு கனடாவுக்கு வந்தவர். அவரும் சமீராவும் என்னோடு பேசுவது ஆங்கிலத்தில். ஆனால் என் மனதில் அது எங்கள் தமிழாகத்தான் தங்கியிருக்கிறது. ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

2

போன மாரி, பனிக் குளிர் காலம். அந்த வீட்டில் எனக்கு அது முதல் வெள்ளிக்கிழமை. லோரன்ஸ் பஸ், பிறகு சப்வே, பிறகு பாத்தர்ஸ்ட் பஸ் என்று மாறி மாறிப் போய்ச் சேர்ந்தேன். ஏஜென்சியில் சொல்லியனுப்பியது இவ்வளவுதான்: குடும்பத்தில் ஒரு கவலை இருக்கிறது, கேள்வி கேட்கவேண்டாம்.

மிரியம் அம்மா அறைக்குள் கண்ணயர்ந்திருந்தார். மகள் மேசையை ஆயத்தம் செய்துவிட்டு வேலைக்குப் போயிருந்தார். வெள்ளை விரிப்பு. இரண்டு மெழுகுதிரிகள். கன்றுக்குட்டி ஒன்றின் கழுத்தைக் கட்டிப்பிடித்துச் சிரிக்கும் ஒரு இளம்பெடியனின் படம். படத்துக்கு முன்னால் ஒரு தட்டு, கரண்டி, கண்ணாடிக் கிளாஸ். வெளியே நாலரைக்கே இருட்டிக்கொண்டு வந்தது.

படம், விளக்கு, தட்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருத்தி இதைக் கண்டால் வேறென்ன நினைப்பாள்? ஐயோ, இளந்தாரிப் பிள்ளை! படையல் தட்டை வெறுமையாக விட்டிருக்கிறார்களே, மனிசிக்கு ஏலாது, மகளுக்கு நேரமில்லை என்று நினைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அங்கே சோறும் கோழியும் கரட்டும் சமைத்து மூடியிருந்தது. ஒவ்வொன்றிலும் அள்ளிப் படைத்தேன். கிளாஸில் தண்ணீர் வார்த்தேன். கண்ணை மூடிக் கொஞ்சநேரம் நின்றேன். பிறகு தட்டிலிருந்து ஒரு பிடியை எடுத்துக்கொண்டு பல்கனிக் கதவைத் திறந்து, கட்டுச்சுவரின்மேல் வைத்துவிட்டு, உறைகுளிரில் நின்று "கா… கா…" என்று கூப்பிட்டேன்.

"ஆரைக் கூப்பிடுறாய்?"

வண்டியைப் பிடித்தபடி மிரியம் அம்மா பின்னால் நின்றார்.

"காகத்தை, அம்மா."

"காகத்தையோ? ஏன்?"

"உங்கட பிள்ளைக்குப் படைச்சிருக்கிறன். காகம் வந்து தின்டால்தான் அவருக்குப் போய்ச்சேரும்."

அவர் மேசைப் பக்கம் திரும்பினார். தட்டை நெருங்கி, விரலால் தடவிப் பார்த்தார். சோறு விரலில் ஒட்டியது.

"அவன் சாகயில்லை," என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "ஆமோஸ் என்ர மகன்ர மகன். பாற்பண்ணையில வேலை செய்தவன். அந்த ஒக்டோபர் விடியக்காலையில பிடிச்சுக்கொண்டு போட்டினம். காசாவில நிலத்துக்குக் கீழ சுரங்கத்தில இருக்கிறான். இந்தத் தட்டு அவன் வந்து இருந்து சாப்பிட. அதுவரைக்கும் வெறுமையா இருக்கவேணும். நீ ஏன் இதை நிரப்பினனீ?"

பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது. எங்களுக்கு நிரப்பிய தட்டு வரமாட்டாதவனுக்கு. அவர்களுக்கு வெறுந்தட்டு வரப்போகிறவனுக்கு. உயிரோடிருக்கும் பிள்ளைக்கு அவனுடைய வீட்டு மேசையிலேயே திவசம் வைத்துவிட்டு நிற்கிறேன். வேலை போனது போனதுதான். அது போகட்டும், இந்த மனிசியின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

தட்டை எடுத்துப் போய்க் கழுவினேன். கழுவியபடியே, வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அம்மா, என்ர மனிசனுக்கும் இப்பிடித்தான் உயிரோட இருக்கேக்க படைச்சது."

3

அது சண்டைக் காலம். நாங்கள் இடம்பெயர்ந்து வன்னியில் வட்டக்கச்சியில் இருந்தோம். இவர் கூட்டுறவுச் சங்கக்கடை லொறி ஓட்டினார். லொறிக்குச் சாமான் வாங்க இராணுவப் பகுதிக்குப் போனவர் சோதனைச் சாவடியில் பிடிபட்டார். கூடப் பிடிபட்ட ஒருவர் பல மாதங்களுக்குப் பிறகு விடுபட்டு வந்து, சிவபாலனை அடித்தே கொன்றுபோட்டான்கள், கண்ணால் கண்டனான் என்றார். இவருடைய ஆட்கள் காத்திருந்து பார்த்துவிட்டு அந்தியேட்டிக்கு நாள் வைத்தார்கள்.

எல்லாம் முறைப்படி நடந்தது. இவருக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரியல், முருங்கைக்காய்க் கறி, வடை, மோதகம். படைத்துவிட்டுக் காகத்துக்கு வைத்தார்கள். வன்னியில் காகத்துக்கு என்ன பஞ்சம்? ஆனால் அன்றைக்கு ஒன்றுகூட இறங்கவில்லை. மதிலில் இருந்து பார்த்துவிட்டுப் பறந்து போயின. பெரியவர்கள் கையைக் கூப்பி, ஆளுக்கு ஏதோ குறை இருக்கு என்றார்கள். பிறகு என் தாலிக்கொடியைக் கழற்றச் சொன்னார்கள். "காகம் தின்னட்டும், பிறகு கழட்டிறன்," என்றேன். விசர் பிடித்துவிட்டது என்று விட்டுவிட்டார்கள். அதன் பிறகு யார் வீட்டு நல்லது கெட்டதுக்கும் என்னைக் கூப்பிடவில்லை. கொடியோடு இருக்கும் விதவையை எந்த வரிசையில் இருத்துவது என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

பிறகு சமாதான காலம் வந்தது. வெள்ளை வாகனத்தில், இரண்டு பக்கமும் போய்வரும் வெளிநாட்டுக்காரர் இருவர் வந்து, இது சிவபாலனின் வீடா என்று கேட்டார்கள். அவர் தெற்கிலே ஒரு சிறையில் உயிரோடு இருப்பதாகவும், இயக்கம் பிடித்துவைத்திருக்கும் ஆமிக்காரருக்கு மாற்றாக விடப்படுவோரில் அவரும் ஒருவர் என்றும் சொன்னார்கள். நான் கொட்டிலுக்குப் பின்னால் போய், வானத்தைப் பார்த்துக் காகங்களுக்கு நன்றி சொன்னேன். வேறு யாருக்குச் சொல்ல?

இவர் இயக்கத்தில் இருந்தவரில்லை. ஆனால் வெளியே வருவதற்கு இயக்கக் கணக்கில்தான் வரவேண்டியிருந்தது. அந்தக் கணக்கு கனடாவரை துரத்திக்கொண்டு வந்தது. அகதி விசாரணையில் ஒருவர், சிப்பாய்களுக்கு மாற்றாக யாராவது லொறிச் சாரதியைக் கேட்பார்களா, நீ உறுப்பினர்தானே என்று கேட்டார். இவர் யோசித்துவிட்டு, "எண்ணிக்கைக்கு ஆள் போதாமல் போயிருக்கும், ஐயா," என்றார். மொழிபெயர்த்த தமிழ்ப் பெடியன் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு! ஆனால் அந்தப் பதிலுக்காக எங்கள் விண்ணப்பம் வருடக்கணக்காக இழுபட்டது. வந்த புதிதில் ஒரு துணிக்கடையில் ‘எக்ஸ்சேஞ்ச்’ என்று எழுதிய மேசையைக் கண்டு இவர் அப்படியே நின்றுவிட்டார். சட்டையை மாற்றவா வந்தீர்கள் என்று கேட்ட பிள்ளைக்கு, இல்லை பிள்ளை, சும்மா பார்க்கிறன் என்றார்.

மாற்றம் நடந்த நாளைப் பற்றி இவர் ஒரேயொரு விஷயம்தான் சொல்லியிருக்கிறார். இரண்டு பக்கத்துக்கும் நடுவே வெறும் தார்ரோட்டு. இரண்டு கரையிலும் கண்ணிவெடி. நடுவில் அந்த வெளிநாட்டுக்காரரில் ஒருவர், வெயிலில் மூக்குச் சிவந்து, வெறுங்கையோடு நின்றாராம். இந்தப் பக்கத்தால் இவர்கள், அந்தப் பக்கத்தால் ஆமிக்காரர். பாதி வழியில் ஒருவரையொருவர் கடக்கும்போது எதிரே வந்த சிப்பாய் ஒருவன் நல்ல தமிழில், "போட்டு வாறன் அண்ணை," என்றானாம். வன்னிக்குள் கிடந்து பழகிய தமிழ். இவருக்கும் சிறையில் பழகிய சிங்களம் நாக்கில் வந்தது. "கிஹில்லா என்னம்," என்றாராம். அதற்கும் அதே அர்த்தம்தான். மற்றவனின் சிறையில் கற்ற பாஷையில் விடைபெற்றுக்கொண்டு இருவரும் தங்கள் வீட்டுக்குப் போனார்கள். அதற்குப் பிறகு வந்த சண்டையில் அவன் இருந்தானோ இல்லையோ, தெரியாது. மழை நாட்களில் இவர் ஜன்னலோரம் இருந்து சிலவேளை அவனைப் பற்றிக் கேட்பார். எனக்கென்ன தெரியும்?

4

இத்தனையும் நான் மிரியம் அம்மாவுக்கு உடைந்த ஆங்கிலத்தில் சொல்லி முடித்தபோது, வெள்ளி மாலைக்குத் தங்கள் வழக்கப்படி அவர் ஏற்றிய மெழுகுதிரி பாதி எரிந்திருந்தது. அவர் பல்கனிப் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"காகம் வந்ததோ?"

போய்ப் பார்த்தேன். சோறு அப்படியே விறைத்துக் கிடந்தது.

"வரயில்லை அம்மா."

"உன்ர மனிசனுக்கும் வரயில்லை."

"இல்லை."

"அப்ப?"

நான் என்ன சொல்வேன்? "அப்ப உங்கட பேரனும் உயிரோட இருக்கிறார்," என்றேன். அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். அடுத்த வெள்ளி நான் உள்ளே நுழைந்ததும் முதல் கேள்வி, சோறு வைக்கயில்லையோ என்பதுதான். தட்டில் வைக்க விடமாட்டார். தட்டு வெறுமையாகத்தான் இருக்கும். பல்கனிச் சுவரில் மட்டும் ஒரு பிடி. போகும்போது நான் பார்த்து, வரயில்லை என்று சொல்லவேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் சாப்பிடுவார்.

வேலை முடிந்து செய்தவற்றை ஃபோனில் பதிய வேண்டும். குளிக்க வார்த்தது, மருந்து நினைவூட்டியது, உணவு சூடாக்கியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். காகத்துக்குச் சோறு வைத்ததற்குக் கட்டம் இல்லை. ‘மனநலத் துணை’ என்ற கட்டத்தில் போட்டுவிடுவேன்.

கனடாக் காகம் நன்றாகத் தின்று கொழுத்த காகம். மாரியில் அது எங்கோ மரக்கூட்டத்தில் அடைந்து கிடந்தது. பனி கரைந்ததும் ஒன்று வரத் தொடங்கியது. முதல்முறை அது பல்கனிச் சுவரில் வந்து குந்தியபோது மிரியம் அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு மேசையில் இருந்தார். நான் ஓடிப்போய்க் கண்ணாடியில் விரலால் தட்டினேன். பறந்துவிட்டது. "வந்ததோ?" என்றார். "இல்லை அம்மா." அதன் பிறகு வெள்ளிதோறும் இதுவே என் வேலையாயிற்று. சோறு வைப்பதும் நான், விரட்டுவதும் நான். ஊரில் காகத்தைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிய பரம்பரை, இங்கே வந்து அதைத் துரத்துகிறது. பிதிர்கள் என்னை மன்னிக்கட்டும்.

இதற்கிடையில் சமீராவுக்கு நான் யார் வீட்டில் வேலை செய்கிறேன் என்று தெரிந்துவிட்டது. கோரிடோரில் மறித்தாள்.

"உன்ர கிழவியிட்டைக் கேள், உம்மு ஆரணி. எலும்பு முறிஞ்சிருக்கோ எண்டு படம் எடுத்துப் பாக்கிறவன் அவைக்கு என்ன செய்தவன்?"

மிரியம் அம்மாவுக்கும் நான்தான் உளறினேன், எதிர்வீட்டில் இப்படி ஒருத்தி என்று. அவர் முகம் கல்லானது.

"அவளிட்டைக் கேள், என்ர பிள்ளையை எங்க ஒளிச்சு வைச்சிருக்கினம் எண்டு. அவையின்ர ஆக்களுக்குத் தெரியாமலோ?"

இரண்டையும் சுமந்துகொண்டு பஸ் ஏறினேன். சப்வேயில் யோசித்தேன். அந்த மூக்குச் சிவந்த வெளிநாட்டுக்காரர்மேல் எனக்கு ஒரு காலத்தில் கோபம் இருந்தது. எங்கள் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, எது அநியாயம் என்று ஒரு சொல் சொல்லாமல் போனாரே என்று. அந்த ஆள் இரண்டு பக்கமும் கேட்டதில் எவ்வளவை வழியில் கொட்டியிருப்பார் என்பது சப்வேயில்தான் எனக்கு விளங்கியது. நானும் கொட்டினேன். சமீராவிடம், "அந்த அம்மா உன்ர தம்பியின்ர பேர் என்னெண்டு கேட்டவ," என்றேன். பச்சைப் பொய். அவள் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். "நாதிர் எண்டு சொல்லு," என்றாள் கடைசியில். மிரியம் அம்மாவிடம், "அவள் தன்ர தம்பியின்ர பேரைச் சொல்லிவிட்டவள், நாதிராம்," என்றேன். இரண்டு வெள்ளி கழித்து, காகத்தைப் பற்றிக் கேட்ட கையோடு, "நாதிரைப் பற்றி ஏதும் தெரிஞ்சுதோ?" என்றார். என் பொய் இப்படி ஒரு வழியாக மெய்யாகியது.

5

ஆரணிக்கு என்னில் கோபம். பனியென்றும் பாராமல் டவுன்டவுனுக்கு ஊர்வலம் போகிறவள் அவள். "அம்மா, யூ கான்ட் பி நியூட்ரல்," என்பாள். அவளுடைய கோபத்தில் பிழை சொல்ல என்னால் முடியாது. குண்டு விழும் இடத்தில் இருந்து வந்தவள் நான், விழுகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வட்டக்கச்சிதான் தெரியும். அந்த ஒக்டோபர் காலையைப் பார்த்தாலும் வேறு சில காலைகள் தெரியும். ஆனால் அவள் கேட்கும் வேகத்துக்கு என் ஆங்கிலம் ஓடாது, என் வேகத்துக்கு அவளுடைய தமிழ் வராது. சமைத்துக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பேன்.

ஒன்று மட்டும் உறுத்தும். அங்குள்ள சிறைகள் எல்லாவற்றின் பெயரும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அப்பா இருந்த சிறையின் பெயர் தெரியாது. அவளும் கேட்டதில்லை, இவரும் சொன்னதில்லை.

மாரியில் ஒரு போர்நிறுத்தம் வந்து சில கிழமை ஆட்களை மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் பெயர்கள் வரும். ஆமோஸ் இல்லை, நாதிர் இல்லை. பிறகு மறுபடியும் குண்டு. சமீராவின் வீட்டில் தொலைபேசி அடித்தால் எங்கள் வீட்டில் மூவரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் காது கொடுப்போம். கோடையில் மிரியம் அம்மா மெலிந்துபோனார். என் கையால் சோறு வைத்த சத்தம் கேட்காவிட்டால் கரண்டி தொடமாட்டார். நான் கனவில்கூடக் கண்ணாடியில் தட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கனவில் காகம் பறக்காது, தலையைச் சாய்த்து என்னைப் பார்க்கும், அதன் பின்னால் வட்டக்கச்சி மதில் தெரியும், மதிலுக்கு அப்பால் பனி பெய்யும்.

6

ஒக்டோபரில், நன்றி சொல்லும் திங்கட்கிழமை விடுமுறையன்று, அது நடந்தது. காசாவில் பிடித்துவைத்திருந்தவர்களில் உயிரோடு மிஞ்சியிருந்த எல்லாரையும் அந்தப் பக்கம் விட்டார்கள். அதற்கு மாற்றாக இந்தப் பக்கம் பஸ் பஸ்ஸாகக் கைதிகள். நாங்கள் காலைத் தேத்தண்ணியோடு தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தோம். சமீராவும் வந்து சோபாவின் நுனியில் குந்தியிருந்தாள், ஒரு கையில் ஃபோன்.

பஸ் கதவு திறந்ததும் இவர் எழுந்து நின்றுவிட்டார். சாம்பல் உடுப்பில் எலும்பும் தோலுமாக ஆட்கள் இறங்கினார்கள். சனம் பாய்ந்து கட்டிப்பிடித்தது.

"கையைப் பாருங்கோ," என்றார் இவர். "கையை எங்க வைக்கிறதெண்டு தெரியாமல் நிக்கினம். விலங்கு இல்லாமல் கை பாரமில்லாமல் போய்டும். தொங்க விடவும் பயம்."

ஆரணி தொலைக்காட்சியை விட்டு அப்பாவைப் பார்த்தாள். அவருடைய கைகள் இரண்டும் வயிற்றுக்கு முன்னால் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன.

"அப்பா," என்றாள். "உங்களை எந்த ஜெயில்ல வைச்சிருந்தவை? ஐ நெவர் ஆஸ்க்ட்."

இவர் பெயரைச் சொன்னார். பிறகு அந்த இடத்தைப் பற்றி, அந்தத் தார்ரோட்டைப் பற்றி, எனக்குச் சொல்லாதவையும் சேர்த்துத் தமிழில் சொல்லத் தொடங்கினார். அவள் விளங்காத சொல்லுக்கெல்லாம் நிறுத்திக் கேட்டாள். நான் அடுப்படிக்குள் போய், கழுவிய கோப்பைகளை மறுபடியும் கழுவினேன்.

அப்போதுதான் சமீரா அலறினாள். ஃபோனில் அவளுடைய சித்தி அனுப்பிய படம். தாடி வளர்ந்து, பல் இரண்டு போய், ஒரு பஸ்ஸின் அருகில் நாதிர்! அவள் என்னைக் கட்டிப்பிடித்த பிடியில் எனக்கு மூச்சு முட்டியது. ஓடிப்போய், நாள்கணக்காகச் செய்து வைத்திருந்த பேரீச்சம்பழப் பணியாரத் தட்டத்தோடு வந்தாள். மாடி முழுவதும் கதவு கதவாகக் கொடுத்தாள். கடைசியில் என்னிடம் வந்தவள், தட்டத்தைக் கையில் வைத்தபடி நின்றாள்.

"கிழவியின்ர பெடியன்?"

விடுபட்டவர்களின் பெயர் எல்லாவற்றையும் காலையிலேயே ஆரணி வாசித்திருந்தாள். "இல்லை," என்றேன்.

சமீரா சில பணியாரங்களை ஒரு பெட்டியில் அடுக்கி மூடினாள். "அவனும் வரட்டும். வந்த பிறகு குடு," என்றாள். நான் பெட்டியை ஃப்ரீசருக்குள் வைத்தேன்.

7

அவன் வந்தான். சில கிழமைகளுக்குப் பிறகு, ஒரு பெட்டியில்.

முதல் மாரியிலேயே செத்துவிட்டானாம். நான் அந்தத் தட்டை நிரப்பிய வெள்ளிக்கு ஒரு வருடத்துக்கு முன்பே. அப்படியென்றால் அன்று நான் படைத்தது பிழையேயில்லை. காகம்தான் வரவில்லை. செய்தி கேட்டு நான் அழுததைவிட அந்தக் காகத்தின்மேல் கொண்ட கோபம் பெரிது. உன்னை நம்பித்தானே ஒரு தகப்பனின் தாய்க்கு வாக்குக் கொடுத்தேன் என்று பஸ்ஸில் வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்திலிருந்த பெண் இடம் மாறி உட்கார்ந்தாள். இவர் இரவுச் சாப்பாட்டில், "காகத்துக்கு என்னப்பா தெரியும்? மாரிக் குளிர். அதுதான் வரயில்லை," என்றார். "அப்ப உங்களுக்கு?" என்று கேட்டேன். அவர் தன் தட்டைப் பார்த்துக்கொண்டு, "அண்டைக்கு ஷெல் அடிச்சிருப்பாங்கள்," என்றார்.

அடக்கம் அங்கே நடந்தது. மிரியம் அம்மாவால் அவ்வளவு தூரம் பறக்க முடியாது. மகளின் கணினியில் பார்த்தார். ஏழு நாள் துக்கம் முடியும்வரை வேறு ஆட்கள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். போன வெள்ளிதான் நான் மறுபடி போனேன். போகும்போது ஃப்ரீசரிலிருந்த பெட்டியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று தெரியாது. கதவைத் தட்டிக் கேட்டபோது சமீராதான், "கொண்டு போ," என்று சொன்னாள். வாசலில் நின்று நான் லிஃப்டுக்குள் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேசையில் அதே விரிப்பு, அதே படம், அதே தட்டு. மிரியம் அம்மா மெழுகுதிரி ஏற்றிவிட்டுக் கதிரையில் இருந்தார். கிட்டத்தில் போய் நின்றேன். துக்கம் சொல்ல எனக்கு ஆங்கிலம் வரவில்லை, தமிழும் வரவில்லை.

"ரஜி," என்றார். "முதல் நாள் செய்தாயே, அதைச் செய்."

"எதை அம்மா?"

"தட்டை நிரப்பு."

சோறு, கோழி, கரட். அன்றைக்கு அள்ளியதைப் போலவே அள்ளினேன். கிளாஸில் தண்ணீர் வார்த்தேன். பிறகு பெட்டியைத் திறந்து, பனி விட்டு ஈரமாகியிருந்த பணியாரம் ஒன்றைக் கையில் எடுத்துத் தயங்கினேன். வாசம் அவருக்குப் பிடித்துவிட்டது.

"என்ன அது?"

"எதிர்வீட்டுச் சமீரா செய்தது. உங்கட பேரன் வந்தாப்பிறகு குடுக்கச் சொன்னவள்."

மெழுகு உருகி விரிப்பில் ஒரு சொட்டு விழுந்தது. நான் துடைக்கவில்லை.

"நாதிர் சாப்பிடுறானோ?" என்று கேட்டார்.

"கொஞ்சம் கொஞ்சமாச் சாப்பிடுறானாம்."

"வை," என்றார்.

வைத்தேன். எல்லாவற்றிலும் ஒவ்வொரு துண்டு எடுத்து, பணியாரத்திலும் பிய்த்து, பல்கனிச் சுவரில் வைத்தேன். கதவைச் சாத்தப் போனேன். திறந்தே இருக்கட்டும் என்றார். கதிரையைக் கதவடிக்கு நகர்த்தச் சொன்னார். குளிருக்குக் கம்பளியைப் போர்த்திவிட்டு, அவருக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் இருந்தேன்.

"கூப்பிடு."

"கா… கா…" என்றேன். அவரும் என்னோடு சேர்ந்து, அந்தக் கிழட்டுத் தொண்டையால், "கா… கா…" என்றார்.

எதிர்க் கட்டடத்தின் விளிம்பிலிருந்து அது வந்தது. நான் ஆறு மாதமாக விரட்டிய அதே கொழுத்த காகம். சுவரில் குந்தி, தலையைச் சாய்த்து, என் கையைத்தான் பார்த்தது. பழக்கதோஷம், என் விரல்கள் கண்ணாடியை நோக்கி எழும்பின.

"இண்டைக்குத் தட்டாதை, ரஜி," என்றார் மிரியம் அம்மா.

கண்தான் மங்கல். காதுக்கு ஒரு குறையும் இல்லை. வெள்ளிதோறும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணாடியில் நான் தட்டுகிற சத்தம் அத்தனையையும் கேட்டுக்கொண்டு, வந்ததோ என்று கேட்டு, இல்லை என்ற என் பதிலையும் வாங்கிக்கொண்டுதான் அவர் சாப்பிட்டிருக்கிறார்.

அவர் என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். காகம் தின்று முடிக்கும்வரை விடவில்லை.